வெளிநாட்டு விமான நிறுவனத்தில் விமானியாகச் சேர்வது: உரிமம், பணி அனுமதி, இடப்பெயர்வு

வெளிநாட்டு விமான நிறுவனத்தில் பணியாற்ற விரும்பும் விமானி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அரசுத் துறைகளின் ஒப்புதலைப் பெற வேண்டும். அந்த நாட்டில் தங்கிச் சம்பளம் பெறுவதற்கான பணி அனுமதியைக் குடிவரவுத் துறை தருகிறது. அந்த நாட்டு விமானத்தை ஓட்டும் உரிமையைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தருகிறது. ஒன்று கிடைத்துவிட்டதால் மற்றொன்றும் கிடைத்துவிடும் என்று எண்ணிக்கொள்வதுதான் இந்த முயற்சியில் மிகுந்த இழப்பை உண்டாக்கும் தவறு. இவ்விரண்டில் உரிமத்தையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உரிமத்துக்குத் தகுதியில்லாத ஒருவருக்குப் பணி அனுமதி கேட்டு எந்த நிறுவனமும் விண்ணப்பிக்காது.

சர்வதேசப் பயணத்தில் ஈடுபடும் விமானத்தை ஓட்டுபவர், அந்த விமானம் பதிவு செய்யப்பட்டுள்ள நாடு வழங்கிய அல்லது செல்லத்தக்கதாக ஏற்றுக்கொண்ட உரிமத்தை வைத்திருக்க வேண்டும் என்று 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 32ஆவது பிரிவு கூறுகிறது. ஆகவே, உங்கள் உரிமம் ஐ.சி.ஏ.ஓ. (பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) தரத்துக்கு ஏற்ப வழங்கப்பட்டிருந்தாலும் வேறு நாட்டில் பதிவான விமானத்துக்கு அது தானாகவே பொருந்தாது. அதைப் பொருத்திக்கொள்ள இரண்டு வழிகள் உள்ளன. வேலிடேஷன் என்பது உங்கள் மூல உரிமத்தை அடிப்படையாகக் கொண்டு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தரப்படும் ஏற்பு. கன்வர்ஷன் என்பது தேர்வுகளும் பறப்புச் சோதனையும் முடித்து அந்த நாட்டின் உரிமத்தையே பெறுவது. எந்த வழியில் சேர்த்துக்கொள்கிறார்கள், கன்வர்ஷன் தேவையென்றால் அதன் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை முதல் நேர்காணலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

நாட்டுக்கு நாடு இதில் பெரிய வேறுபாடு உண்டு. ஈயாசா எனப்படும் ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமையின் விதிகளைப் பின்பற்றும் ஐரோப்பிய நாடுகளில் வணிக விமானிக்கான வேலிடேஷன் ஓராண்டுக்கு மேற்படாமல்தான் வழங்கப்படுகிறது. நிலையாகப் பணியாற்ற விரும்புபவர் ஏ.டி.பி.எல். எனப்படும், விமான நிறுவன விமானிக்கான உயர்நிலை உரிமத்துக்கான 13 எழுத்துத் தேர்வுகளையும், வணிக விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவச் சான்றையும், திறன் சோதனையையும் முடிக்க வேண்டும். பிரிட்டன் 2021 முதல் தனக்கெனத் தனி உரிம முறையை நடத்துவதால், ஐரோப்பிய உரிமம் அங்கே நேரடியாகச் செல்லாது. அமெரிக்காவில் வெளிநாட்டு உரிமத்தின் அடிப்படையில் எளிதாகக் கிடைப்பது தனியார் விமானிச் சான்றிதழ்தான், அதைக் கொண்டு சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. விமான நிறுவனத்தில் சேர அதே உயர்நிலை உரிமத்தின் அமெரிக்க வடிவமான ஏ.டி.பி. சான்றிதழைத் தேர்வு எழுதியே பெற வேண்டும். போதிய பறப்பு நேரம் இருந்தாலும் எழுத்துத் தேர்வுகளுக்கு மாதக்கணக்கில் படிக்க வேண்டியிருக்கும் என்பதால், போகும் நாட்டை முதலில் முடிவு செய்துவிட்டுப் படிப்பைத் தொடங்குங்கள்.

எந்த வழியானாலும், புதிய நாட்டின் ஆணையம் உங்கள் உரிமம் உண்மையானதுதானா என்று அதை வழங்கிய ஆணையத்திடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்யும். இந்தக் கடிதப் போக்குவரத்தை விண்ணப்பதாரர் விரைவுபடுத்த முடியாது. முன்கூட்டியே தொடங்கி வைக்க மட்டுமே முடியும். அதற்குள் லாக்புக்கை, அதாவது உங்கள் பறப்பு நேரப் பதிவேட்டை, சீராக்கிக்கொள்ளுங்கள். கேப்டனாகப் பறந்த நேரம், துணை விமானியாகப் பறந்த நேரம், பல விமானிகள் இயக்கும் விமானத்தில் பறந்த நேரம், இரவு நேரம், கருவி வழிப் பறப்பு, ஒவ்வொரு விமான வகையிலும் பறந்த நேரம் ஆகியவை தனித்தனியே கூட்டப்பட்டு, சிமுலேட்டர் நேரம் அவற்றோடு கலக்காமல் இருக்க வேண்டும். லாக்புக்கின் கூட்டுத்தொகையும் நிறுவனம் தரும் பணிச் சான்றின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், காரணம் எளிய கணக்குப் பிழையாக இருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடக்கூடும். டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி, காலாவதியாகாமல் இருப்பதும் அண்மைக்காலப் பறப்பும் முக்கியம். நீண்ட நாள் பறக்காதவர்களை ஒதுக்கும் நிறுவனங்கள் உள்ளன.

மருத்துவச் சான்றை நான் தனியாக வலியுறுத்துகிறேன். ஒரு நாட்டின் மருத்துவர் ஏற்றுக்கொண்ட நிலையை இன்னொரு நாட்டின் மருத்துவர் ஏற்காமல் போகலாம். நிறக்குருடு, இதயம், நீரிழிவு போன்றவற்றில் அளவுகோல்கள் வேறுபடுகின்றன. முதல் வகுப்புச் சான்று வழக்கமாக 12 மாதமும், 60 வயதுக்குப் பின் 6 மாதமும் செல்லும். சர்வதேச வணிகப் பயணத்தில் பல விமானிகள் இயக்கும் விமானத்துக்கு ஐ.சி.ஏ.ஓ. வகுத்த வயது வரம்பு 65 என்பதால், ஒப்பந்தக் காலத்தை ஓய்வு பெறும் வயதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐ.சி.ஏ.ஓ.வின் ஆறு நிலை அளவுகோலில் ஆங்கிலத் திறனுக்கு 4ஆம் நிலைதான் குறைந்தபட்சம் என்றாலும் 5 அல்லது 6ஆம் நிலையை எட்டுவது நல்லது. 4ஆம் நிலையை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

இனி பணி அனுமதி. பெரும்பாலான நாடுகளில் இதற்கு விண்ணப்பிப்பது வேலை தரும் நிறுவனமே. உள்நாட்டில் தகுதியானவர் கிடைக்கவில்லை என்று அது நிரூபிக்க வேண்டிய நாடுகளும் உண்டு. உங்கள் பங்கு ஆவணங்கள்தான்: கல்விச் சான்றுகள், காவல்துறை நன்னடத்தைச் சான்று, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாட்டின் அரசு சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை போதும். மற்ற நாடுகளுக்குத் தூதரகச் சான்றளிப்புத் தேவை. விமான நிலையப் பாதுகாப்பு அட்டைக்கான பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது குறைந்தது கடந்த 5 ஆண்டுகளின் வேலை, படிப்பு, இடைவெளிகள் அனைத்தையும் பார்க்கிறது. வேலையில்லாமல் இருந்த மாதங்களை மறைக்காமல் எழுதுங்கள். சுற்றுலா விசாவில் சென்று பயிற்சியைத் தொடங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். விதிமீறல் பதிவாகிவிட்டால் அடுத்தடுத்த நாடுகளின் விசாவையும் அது பாதிக்கும். வேலை வாங்கித் தருவதற்காக உங்களிடம் கட்டணம் கேட்கும் முகவரையும் தவிர்த்துவிடுங்கள். தனியார் முகவர்கள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 181ஆவது உடன்படிக்கை வகுத்த பொது விதி.

ஒப்பந்தத்தில் சம்பளத்தைவிட நான் கவனமாகப் படிக்கச் சொல்வது பயிற்சி பாண்ட் பகுதியை, அதாவது குறித்த காலத்துக்கு முன் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற உறுதிமொழியை. எத்தனை ஆண்டுகள், தொகை மாதந்தோறும் குறைகிறதா, நிறுவனமே உங்களை நீக்கினாலும் அல்லது நீங்கள் மருத்துவத் தகுதியை இழந்தாலும் செலுத்த வேண்டுமா என்பவை எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பணி அனுமதி அந்த ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்குமானால், வேலை போகும் நாளில் தங்கும் உரிமையும் முடியத் தொடங்கும். எத்தனை நாள் அவகாசம் உண்டு என்று கேட்டு வையுங்கள். உரிம இழப்புக் காப்பீடு, சம்பளம் எந்த நாணயத்தில் வரும், எந்த நகரம் தளம், அதை மாற்ற யாருக்கு அதிகாரம் என்பவையும் குடும்பத்தோடு போகிறவருக்குச் சிறிய செய்திகள் அல்ல.

மருத்துவச் சான்று, உரிம ஏற்பு, கையொப்பமிட்ட ஒப்பந்தம், பணி அனுமதி ஆகியவை எழுத்தில் கைக்கு வந்த பிறகே இப்போதைய வேலையை விட்டு விலகும் கடிதத்தைக் கொடுங்கள். முன்னறிவிப்புக் காலம் நீண்டது என்றால் சேரும் தேதியை அதற்கேற்பத் தள்ளி வைக்கக் கேளுங்கள். குடும்பத்தின் விசா பல இடங்களில் உங்கள் வசிப்பு அனுமதிக்குப் பிறகுதான் தொடங்கும். தொடக்கப் பயிற்சி மாதங்களில் நீங்கள் வீட்டில் இருப்பது அரிது என்பதால், பயிற்சி முடிந்தபின் அவர்களை அழைத்துக்கொள்வதே பெரும்பாலும் நலம். வருமான வரியில் இரு நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம் விமானப் பணியாளருக்கெனத் தனி விதி வைத்திருக்கக்கூடும். அதைக் கணக்காளரிடம் காட்டிக் கேளுங்கள்.

புதிய நாட்டில் பறக்கத் தொடங்கிய பிறகும் மூல உரிமத்தையும் அதற்கான மருத்துவச் சான்றையும் காலாவதியாக விடாதீர்கள். வேலிடேஷன் அந்த மூல உரிமத்தின் மேல்தான் நிற்கிறது. மூல உரிமம் செல்லாததாகும் நாளில் வேலிடேஷனும் செல்லாததாகிவிடும். இரண்டு நாடுகளின் புதுப்பிப்புத் தேதிகளையும் ஒரே அட்டவணையில் எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று மாதம் முன்னதாகவே பரிசோதனைக்கும் சோதனைப் பறப்புக்கும் நேரம் வாங்கிவிடுங்கள்.