கார் உதறியபோது நான் பார்த்த வேலை, பார்க்காத வேலை

ஏற்காடு மலை ஏறும்போதுதான் என் பழைய மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார் திணற ஆரம்பித்தது. இன்ஜின் உதறியது, இழுவை இல்லை, செக் இன்ஜின் விளக்கு மினுக்கியது. ஊர் திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்காமல் "இன்ஜினைப் பிரிக்கணும்" என்றார்கள். மனசு ஒப்பவில்லை.

மறுநாள் காலை, காரின் கோளாறுக் குறியீட்டைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரைச் செருகினேன். பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், எரிபொருள் சரியாக எரியவில்லை. உடனே பார்ட்ஸ் வாங்க ஓடவில்லை. ஸ்பார்க் பிளக் பொறி விட மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை அந்த சிலிண்டரிலிருந்து கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதுடையதை இதில் மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினேன். இப்போது பி0303. காயிலோடு கோளாறும் நகர்ந்துவிட்டது, அப்புறம் என்ன சந்தேகம்? புதுக் காயில் ஒன்று, கூடவே மூன்று ஸ்பார்க் பிளக் வாங்கினேன். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றினேன். புதியதை முதலில் கையாலேயே திருகி ஏற்ற வேண்டும். மரை போனால் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் பெரிய செலவு. உதறல் நின்றபோது அவ்வளவு நிம்மதி!

கோளாறு நகராமல் அதே சிலிண்டரில் நின்றிருந்தால், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், சரியா என்று பார்க்க மெக்கானிக்கிடம்தான் போயிருப்பேன். வால்வையும் பிஸ்டனையும் ஒத்திசைவாக இயக்கும் டைமிங் பெல்ட்டையும் நான் தொடுவதில்லை. பெல்ட்டைப் பொருத்தும் குறி தப்பினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை என் இன்ஜின்.