ஊர்ச்செய்தி காதுக்கு வரட்டும்: கடற்கரைக் கிராமங்களில் பார்வையற்றோருக்கான குரல் மேடையை நடத்தும் முறை

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால், அந்தச் செய்தி கண்ணால் பார்ப்பவர்களுக்கே முதலில் போய்ச் சேர்கிறது. பகலில் கூண்டும் இரவில் விளக்குகளும் சொல்வதை, அதே ஊரில் வாழும் பார்வையற்ற ஒருவர், வீட்டில் யாராவது நினைவு வைத்துச் சொன்னால்தான் அறிகிறார். மருத்துவ முகாம் அறிவிப்பு, பேருந்து நேர மாற்றம், ரேஷன் கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதிய இருப்பு விவரம் என்று ஊர்ச்செய்திகளில் பெரும்பகுதி இப்படிக் கண்ணுக்காகவே எழுதப்படுகிறது. இவற்றைக் காதுக்குக் கொண்டுவர, தொலைபேசியில் செய்தி கேட்கவும் பேசிப் பதிவு செய்யவும் கூடிய குரல் மேடை ஒன்றை நான்கைந்து கிராமங்கள் சேர்ந்து நடத்த முடியும்.

வேலை செய்யும் முறை எளிது. ஒருவர் குறிப்பிட்ட எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கிறார். கணினி அதைத் துண்டித்துவிட்டு அவரைத் திரும்ப அழைக்கிறது. பேசும் செலவு அவருடையதல்ல. ஸ்மார்ட்போனும் இணையமும் வேண்டாம், பட்டன் போன் போதும். சத்தீஸ்கரில் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிஜிநெட் ஸ்வரா பழங்குடி மக்களுக்காக இப்படித் தொலைபேசி வழியாகச் செய்தி பகிரும் முறையைக் கையாண்டது. பெங்களூரின் இனேபிள் இந்தியா அமைப்பு மாற்றுத்திறனாளிகளுக்காகவே நம்ம வாணி என்ற சேவையை நடத்தியது. நம் பகுதியில் பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி மீனவர்களுக்கு நல்ல துணை. ஆனால் வானொலியில் சொல்லும் நேரத்தில் கேட்கத் தவறினால் செய்தி போய்விடும். குரல் மேடையில் அது நாம் அழைக்கும்வரை காத்திருக்கும், கேட்டவரே அடுத்த நிமிடம் பேசவும் முடியும்.

மேடைக்கான தொலைபேசி எண்ணை வாங்குவதற்கு முன்பு ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடத்தும் குழுவில் பாதிப்பேராவது பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர்களுக்காக மற்றவர்கள் பேசும் மேடைகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் டாக்பேக் வசதியுள்ள ஆண்ட்ராய்டு போனிலோ, அதே வேலையைச் செய்யும், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் உள்ள கணினியிலோ பதிவுகளை ஒழுங்குபடுத்தும் வேலையை அவர்களே செய்யலாம்.

வரவேற்புக் குரல் ஊர்க்குரலாக இருக்கட்டும். கீழக்கரைப் பெண் ஒருவர் அழைக்கும்போது மறுமுனையில் பேசுவது தெருவில் தாம் லாத்தா (அக்கா) என்று கூப்பிடக்கூடிய ஒருவரின் குரல் என்று தோன்றினால், அவர் இரண்டாவது முறையும் அழைப்பார். பட்டனை அழுத்தித் தேர்ந்தெடுக்கும் விருப்பங்கள் நான்குக்கு மேல் போகக்கூடாது. செய்ய வேண்டியதை முதலிலும் எண்ணைக் கடைசியிலும் சொல்ல வேண்டும்: ‘செய்தி கேட்க, ஒன்றை அழுத்துங்கள்.’ எண்ணை முதலில் சொன்னால், வாக்கியம் முடிவதற்குள் அது மறந்துபோகும். புதிதாகச் சேருபவருக்கு, ஐந்தாம் பட்டனில் இருக்கும் சிறு மேட்டை விரலால் தொட்டுக் காட்டி, அதிலிருந்து மற்ற எண்களைக் கண்டுபிடிக்கப் பழக்குங்கள்.

இனி, பதிவு செய்யும் முறைக்கு வருகிறேன். முழு முயற்சியும் நிற்பதோ விழுவதோ இங்கேதான். எங்கள் பகுதியில் பேருந்து நிறுத்தம் ஒன்று இடம் மாறியபோது, நல்ல மனதோடு ஒரு தம்பி இப்படிப் பதிவு செய்தார்: ‘பஸ் ஸ்டாப்பை மாத்திட்டாங்க, பழைய இடத்துல இருந்து கொஞ்சம் தள்ளி, அந்த நீலக் கட்டிடத்துக்கு எதிர்ல.’ நீலமும் ‘அந்த’வும் ‘கொஞ்ச’மும் கேட்பவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை. பார்வையற்ற பெரியவர் ஒருவர் அதே செய்தியை மறுபடி பதிவு செய்தார்: ‘பழைய நிறுத்தத்துல கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்க. சோத்துக்கைப் பக்கம் திரும்பி முப்பது எட்டு எடுத்து வச்சு நடங்க. ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தம் இடது காதுல நல்லா கேட்கும். காலுக்குக் கீழ மணல் முடிஞ்சு சிமெண்டுத் தரை வரும். அதுதான் புது நிறுத்தம்.’ நிற்கும் திசை, எட்டுக்கணக்கு, ஒலி, காலடியில் மாறும் தரை என்ற இந்த நான்கும் இருந்தால் வழி சொல்லும் பதிவு முழுமையாகும். மீன் காயவைக்கும் இடத்தின் மணத்தையும் அடையாளமாகச் சொல்லலாம்; எந்திரம் நிறுத்தப்படும் நாளில் அதுவே கைகொடுக்கும்.

மற்றச் செய்திகளில் எந்த ஊர், எந்த நாள், என்ன விஷயம் என்பவை முதல் பத்து நொடிக்குள் வர வேண்டும். தேதியையும் நேரத்தையும் இரண்டு முறை சொல்லுங்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் கேட்பவர் அதை மனத்தில்தான் எழுதிக்கொள்கிறார். ஒரு பதிவு இரண்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் நின்று பேசினால் காற்றின் இரைச்சலே பதிவாகும். கரையேற்றிய வள்ளத்தின் மறைவிலோ வீட்டுக்குள்ளோ போய்ப் பேசச் சொல்லுங்கள்.

அரசின் உதவிகளைப் பற்றிய பதிவுகளுக்குத்தான் அழைப்புகள் அதிகம் வரும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வேலைவாய்ப்பு இடஒதுக்கீடு போன்ற பலன்களுக்குக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாட்டை அளவாக வைத்திருப்பதையும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதையும், திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கும் விதத்தையும் தனித்தனிப் பதிவுகளாக வையுங்கள். அன்றாடத்துக்கு உதவுபவையும் வேண்டும்: ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்ட மணி செயலி ரூபாய் நோட்டின் மதிப்பைக் குரலில் சொல்லும், புதிய இருபது ரூபாய் நாணயத்தின் பன்னிரண்டு விளிம்புகளை விரலே எண்ணிவிடும். மீன் விற்கும் பார்வையற்ற அக்காவுக்கு இந்த இரண்டு செய்திகளும் வாரம் முழுவதும் பயன்படும்.

எந்தப் பதிவும் இரண்டு பேர் கேட்ட பிறகே வெளியாக வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி ஆகியவை வாய்தவறி வந்துவிட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, பேசியவருக்கு அழைத்துச் சொல்லுங்கள். பெண்களின் கைப்பேசி எண் எந்த நிலையிலும் பொதுவில் ஒலிக்கக்கூடாது. பதில் சொல்ல விரும்புபவர் மேடையிலேயே சொல்லட்டும். கேள்வி ஒன்று வந்தால் இரண்டு நாளில் பதில் ஏற வேண்டும், விடை கிடைக்காவிட்டால் ‘விசாரித்துக்கொண்டிருக்கிறோம்’ என்றாவது ஏற வேண்டும்.

செலவு நிமிடக் கணக்கில் வரும். ஐம்பது பேர் நாளுக்கு மூன்று நிமிடம் பேசினால் மாதத்துக்கு 4,500 நிமிடம்; சேவை தரும் நிறுவனத்திடம் அந்த அளவுக்கு விலை கேட்டுப் பேரம் பேசுங்கள்.

புயல் நாளுக்கு மட்டும் வேறு விதி. கூண்டு ஏறியதும் அந்தக் கூண்டின் எண்ணையும் அதன் பொருளையும் சொல்லும் பதிவு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒலிக்க வேண்டும். கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழப்பதற்கு முன்பே உறுப்பினர் ஒவ்வொருவரையும் மேடையே அழைக்க வேண்டும். யார் எடுக்கவில்லையோ அவர் வீட்டுக்குக் குழுவில் ஒருவர் நடந்து போக வேண்டும். கூண்டு இறங்கிய செய்தியையும் அதே வேகத்தில் சொல்லுங்கள். இல்லையென்றால் ஊர் கடலுக்குப் போன பிறகும் பார்வையற்றவர் வீட்டுக்குள்ளேயே காத்திருப்பார்.