ஒரே இடத்துல போட்டோ மாறி மாறி வரவைக்க ஜாவாஸ்கிரிப்ட்

பெங்களூரு அல்சூர்ல நம்ம தெரு பொங்கல் போட்டோ அஞ்சு இருக்குன்னு வைங்க, வெப்பேஜ்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு வரணும், இதுக்குப் போய் பெரிய லைப்ரரி (வேற யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் கோட்) எதுவும் வேணாம். ஃபைல் பேரெல்லாம் ஒரு அர்ரேல (array, வரிசையான பட்டியல்) போடுங்க, இப்போ எத்தனாவது படம்னு ஞாபகம் வெச்சுக்க இன்டெக்ஸ்னு ஒரு வேரியபிள் 0ல ஆரம்பிங்க, அர்ரே எண்ணுறதே 0ல இருந்துதான், அதனால கடைசி படம் 4. செட்இன்டர்வல்ல (setInterval, ஒரு ஃபங்ஷன திரும்பத் திரும்ப ஓட்டுற டைமர்) 3000 மில்லிசெகண்ட் குடுத்தா 3 செகண்டுக்கு ஒரு தடவை ஃபங்ஷன் ஓடும், அதுக்குள்ள இன்டெக்ஸோட 1 கூட்டி லெங்த்தால (length, அர்ரேல எத்தனை படம் இருக்கோ அந்த எண்) வகுத்து மீதிய மட்டும் எடுங்க, % குறி அதுக்குத்தான், 5 வந்தா மீதி 0, தானா முதல் படத்துக்கு வந்துடும். அப்புறம் இமேஜ் டேக்கோட எஸ்ஆர்சிய (src, எந்த ஃபைல காட்டணும்னு சொல்றது) மாத்துங்க, ஆல்ட்டையும் (alt, படத்த விளக்குற வரி) சேத்து மாத்துங்க ப்ளீஸ், கண்ணு தெரியாதவங்க ஸ்க்ரீன் ரீடர்ல அதைத்தான் கேப்பாங்க.

பின்னாடி போற பட்டன்லதான் நிறைய பேர் மாட்டுவாங்க. 0ல 1 கழிச்சா மைனஸ் 1, ஜாவாஸ்கிரிப்ட்ல அதுக்கு மீதி எடுத்தாலும் மைனஸ் 1தான் வரும், அர்ரேல அப்படி ஒரு இடமே இல்ல, படம் காணாம போயிடும். அதனால கழிச்சதும் லெங்த்த கூட்டிட்டு அப்புறமா மீதி எடுங்க. பட்டன அமுக்குனா கிளியர்இன்டர்வல் (clearInterval) போட்டு டைமர நிறுத்தி புதுசா ஆரம்பிங்க, இல்லன்னா பாத்துட்டு இருக்கும்போதே படம் தாவிடும்.