காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்தால்: அந்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை

காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் கண் திடீரென்று மேலே சொருகும். உடம்பு விறைக்கும். கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். பல் கிட்டிக்கொள்ளும், வாயில் நுரை தள்ளும், உதடு நீலம் பாரிக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. குழந்தை கையை விட்டுப் போய்விட்டது என்றே பெற்றவர்கள் நினைத்துவிடுகிறார்கள். குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்த காலம் முழுக்க அந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தோளில் சுமந்து வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வலிப்பு வழியிலேயே நின்று போயிருக்கும்.

ஊரில் ஜன்னி என்று சொல்லும் இந்தக் காய்ச்சல் வலிப்பு, 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 100 பேரில் 2 முதல் 5 பேருக்கு வருகிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறுவயதில் வந்திருந்தால் குழந்தைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். பெரும்பாலும் காய்ச்சலின் முதல் நாளிலேயே வரும். உடம்பு சுடுகிறது என்பதே வலிப்புக்குப் பிறகுதான் தெரிந்தது என்று சொல்லும் தாய்மார்கள் ஏராளம். குறுகிய நேரத்தில் நின்றுவிடும் காய்ச்சல் வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை, பின்னாளில் படிப்பையும் பாதிப்பதில்லை. பல வீடுகளில் குழந்தைக்குக் காயமும் ஆபத்தும் வருவது பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்களால்தான். அதனால் கீழே வரும் படிகளில் பாதி, எதைச் செய்யக் கூடாது என்பதைப் பற்றியவை.

ஒன்றை முதலில் பிரித்தறியுங்கள். குளிர் நடுக்கத்தில் உடம்பு உதறினாலும் குழந்தை உங்களைப் பார்க்கும், அழும், சேலையைப் பிடித்துக்கொள்ளும். வலிப்பில் நினைவு இருக்காது.

முதல் படி: மணி பாருங்கள்

வலிப்பு தொடங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் எவருக்கும் இது தோன்றுவதில்லை. ஆனால் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இதை வைத்துத்தான். பெரும்பாலான காய்ச்சல் வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாக நின்றுவிடும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது அரை மணி நேரமாகத் தெரியும். "ரொம்ப நேரம் இழுத்தது" என்று சொன்னால் மருத்துவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. 5 நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு. அதை மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இரண்டாம் படி: தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்

கட்டில் வேண்டாம், விழுந்துவிடும். தரையில் பாய் விரித்து, குழந்தையை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். எச்சிலும் நுரையும் வாந்தியும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் கடைவாய் வழியே வெளியே வடிய வேண்டும். கன்னத்தில் வழிவதைத் துணியால் துடைத்துவிடலாம். கழுத்தில் கறுப்புக் கயிறோ தாயத்தோ இறுக்கமாக இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். பிடிப்பதால் இழுப்பு நிற்காது, மூட்டுதான் பிசகும். சுற்றிலும் கூட்டம் சேரவிடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் படி: வாய்க்குள் எதுவும் போகக் கூடாது

இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் போதும். ஸ்பூன், விரல், துணி, தண்ணீர், காய்ச்சல் மருந்து, எதுவுமே வாய்க்குள் போகக் கூடாது. நாக்கை விழுங்கிவிடும் என்ற பயத்தில்தான் விரலை விடுகிறார்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. நாக்கைக் கடித்தாலும் அந்தப் புண் சில நாட்களில் ஆறிவிடும். ஆனால் ஸ்பூனைத் திணித்ததில் உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போனால் நிலைமை வேறு. நினைவில்லாத குழந்தையின் வாயில் ஊற்றும் ஒரு மூடி மருந்து நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியாவாக முடியும்.

அடுத்தது சாவிக்கொத்தும் வெங்காயமும். கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்று ஓடி வருவார்கள். வெங்காயத்தை நசுக்கி மூக்கில் பிழிவார்கள். வலிப்பு இரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும்போது அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ அதனால்தான் நின்றது என்று ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். சாவிக்கொத்து இழுப்பில் கண்ணில் குத்தும். வெங்காயச் சாறு மூக்கு வழியே மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். தலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். சூடு வைக்கும் பழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அதைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். அந்தப் புண்ணோடு வரும் குழந்தையைப் பார்த்தவர்கள் இன்னொரு முறை அதை அனுமதிக்க மாட்டார்கள்.

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இதையெல்லாம் அந்த நேரத்தில் வாதாடிப் புரியவைக்க முடியாது. அவர்களும் பயத்தில்தான் ஓடி வருகிறார்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். "அத்தை, நீங்கள் மணி பார்த்துச் சொல்லுங்கள்." "மாமா, தெருமுனையில் நின்று ஆம்புலன்ஸைக் கைகாட்டுங்கள்." சொன்ன மாத்திரத்தில் செய்வார்கள். இன்னொருவர் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் எடுக்கட்டும். அது தவறில்லை. மருத்துவருக்கு அந்தப் பதிவு பெரிய உதவி.

நான்காம் படி: 108

வாழ்க்கையில் முதல் முறையாக வரும் வலிப்பு என்றால் 5 நிமிடம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஒருவர் உடனே 108-ஐ அழைக்கட்டும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டுகிறது, குழந்தைக்கு 6 மாதம் நிறையவில்லை, காய்ச்சலே இல்லாமல் வலிப்பு வந்தது, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது, நின்று மறுபடி வருகிறது, நின்ற பிறகும் உதடு நீலமாகவே இருக்கிறது என்றால் எத்தனையாவது முறையானாலும் அழைக்க வேண்டும்.

பாகூர், திருக்கனூர் பக்கம் வயல் வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று மாறி மாறி வரும். அங்கிருந்து அழைப்பவர்கள் எந்த மாநிலம் என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு ஊர், தெரு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளி.

இழுத்துக்கொண்டிருக்கும் குழந்தையை பைக்கில் இருவர் நடுவே இடுக்கிக்கொண்டு போகவே கூடாது. கழுத்து மடங்கி மூச்சுப் பாதை அடைபடும். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் ஆட்டோவோ காரோ பிடித்து, பின்சீட்டில் மடியில் ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டு போங்கள்.

எங்கே போவது? கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரியின் பெரிய மருத்துவமனையான ஜிப்மர் என்றே மனம் ஓடும். அது இருக்கும் கோரிமேடு இருபது கிலோமீட்டருக்கும் மேல். வலிப்பு நிற்காத குழந்தைக்கு அந்தத் தூரம் ஆகாது. வலிப்பை நிறுத்தும் ஊசியும் ஆக்சிஜனும் இருக்கும் மிக அருகிலுள்ள இடம்தான் சரியான இடம். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. மேல்சிகிச்சை தேவை என்றால் அங்கிருந்து ஆம்புலன்ஸிலேயே ஜிப்மருக்கு அனுப்புவார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகி கடலூருக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி ஒரு நாளில் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் மருத்துவமனையை நம்பியிருக்க முடியாது. உங்கள் பக்கத்துக் கரையில் எது இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: நின்ற பிறகு

நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மூச்சே இல்லை என்றால் 108-இல் பேசுபவர் சொல்லும்படி நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்குங்கள். இது மிக அரிதாகவே நேரும். வழக்கமாகக் குழந்தை அழும், அல்லது அயர்ந்து தூங்கும். முழு நினைவு திரும்பும்வரை பால்கூடக் கொடுக்காதீர்கள். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

வலிப்பு நின்றுவிட்டாலும் முதல் முறை வந்தவர்கள் அன்றே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். வலிப்பைவிட, காய்ச்சலுக்கு என்ன காரணம் என்பதுதான் அங்கே முக்கியம். உச்சிக்குழி புடைத்திருப்பது, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, எழுப்பியும் எழாத மயக்கம் ஆகியவை மூளைக்காய்ச்சலின் அறிகுறிகளாக இருக்கலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு, குறிப்பாகத் தடுப்பூசிகள் விட்டுப்போயிருந்தால், முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். "ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்" என்று பயந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர்களைக் கண்டு மனம் கலங்கியிருக்கிறேன். அந்த ஊசி தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் இறங்குகிறது. தயவுசெய்து மறுக்காதீர்கள்.

மருந்து பாட்டிலைப் படிக்கும் விதம்

பாரசிட்டமால் மருந்துக் கடையில் மூன்று விதமாகக் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம். ஒரு சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் அல்லது அதை ஒட்டி. இன்னொன்றில் அதே 5 மில்லியில் 250. ஒரு வேளைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். அது சொட்டு மருந்தில் 1.5 மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகும், சொட்டு மருந்தென்றால் பல மடங்காகும். உங்கள் குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். 6 மணி நேர இடைவெளி வேண்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

இந்த மருந்து காய்ச்சலைத் தணிக்கும், உடல்வலியைக் குறைக்கும். ஆனால் வேளை தவறாமல் கொடுத்தாலும் அடுத்த வலிப்பைத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "மருந்து கொடுக்காமல் தூங்கிவிட்டாய்" என்று குழந்தையின் தாயைக் குற்றம் சாட்டும் வீடுகள் நிறைய. அவள் விழித்திருந்து கொடுத்திருந்தாலும் அது வந்திருக்கும். கட்டிலருகே அந்தப் பழியைச் சுமந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இதை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கணவரே சொன்னால் நல்லது.

மறுபடி வருமா?

மூன்று குழந்தைகளில் ஒருவருக்கு வரலாம். ஒரு வயதுக்குள் முதல் வலிப்பு வந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். அப்படிப்பட்டவர்களுக்கு மிடசோலம் என்ற மூக்கு ஸ்பிரேயை மருத்துவர் எழுதித் தருவதுண்டு. 5 நிமிடத்தில் நிற்காத வலிப்புக்கானது அது. எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பது எடையைப் பொறுத்தது, எடை கூடும்போது மாறும். வாங்கியதும் மருத்துவமனையிலேயே செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். ஸ்பிரேயை அலமாரி மூலையில் வைக்காமல் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

தடுப்பூசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஒன்றரை வயதில் போடும் ஊசிகளுக்குப் பின் காய்ச்சல் வருவது இயல்பு. முத்தடுப்பு ஊசிக்கு அன்றோ மறுநாளோ வரும், தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்தும் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது வலிப்பு வந்த விவரத்தைச் சொல்லுங்கள், மருத்துவமனையில் கொடுத்த சீட்டையும் காட்டுங்கள். அந்த நாட்களில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கும் மேலே உள்ள மூன்றாம் படியைப் படித்துக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.