விஷக்குப்பி சேர்க்கும் ஆட்டக்காரரைச் சமாளிக்க

ரோல்பிளேயிங் கேம், அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு நடத்துபவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். செத்த பாம்பின் விஷம், ஆசிட், பெயர் தெரியாத பச்சைத் திரவம் என எதைப் பார்த்தாலும் குப்பியில் பிடித்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். தடை போடாதீர்கள். அவருக்கு விளையாட்டே அதுதான்.

எடுக்கும் இடத்தில் கொஞ்சம் கஷ்டம் வையுங்கள், போதும். இந்த வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது. உயிரினத்திடமிருந்து விஷம் எடுக்க 1 முதல் 6 நிமிடம் ஆகும்; பிறகு இயற்கை அறிவுச் சோதனைக்குப் பகடை உருட்டி 20 எட்ட வேண்டும். எட்டினாலும் ஒரு தடவைக்கான விஷம்தான் கிடைக்கும். 15 அல்லது அதற்குக் கீழே போனால் அந்த விஷம் எடுத்தவர் மேலேயே பாயும். காவலர்களின் காலடிச் சத்தம் கேட்கும்போது அந்தச் சில நிமிடங்கள் லேசில் நகராது!

மந்திர மருந்துகளைக் கலப்பவருக்கும் அதே விதிகளில் நூறு எண் பகடை அட்டவணை உண்டு. 1 விழுந்தால் வெடிப்பு. ஆனால் 36 முதல் 90 வரை விழுந்தால் கலந்த இரண்டு மருந்துமே வழக்கம்போல வேலை செய்யும். அட்டவணையை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். தெரிந்தே உருட்டுபவரின் முகத்தைப் பார்ப்பது தனி சுகம்.

கதாபாத்திரம் அடி வாங்கும் ஒவ்வொரு தடவையும் குப்பி உடைகிறதா என்று உருட்டச் சொல்வது எனக்குப் பிடிக்காது, ஆட்டம் நொண்டும். பெரிய பள்ளத்தில் விழுந்தால் மட்டும் கேளுங்கள். அப்புறம், எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை அவரே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டாம்.