பம்பும் டர்பைனும்: உயரத்தைக் கணக்கிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டணத்திலோ பாலக்கோட்டிலோ மோட்டார் கடைக்கு வரும் விவசாயி முதலில் கேட்பது பெரும்பாலும் "ஏழரை எச்.பி. என்ன விலை?" என்பதாகவே இருக்கிறது. எச்.பி. என்பது மோட்டார் தரக்கூடிய திறனின் அளவு மட்டுமே. அந்தத் திறன் எவ்வளவு தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றும் என்பதைப் பம்புக்குள் இருக்கும் இம்பெல்லர்களும் (நீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரங்கள்) ஸ்டேஜ்களுமே (அவற்றின் அடுக்குகள்) தீர்மானிக்கின்றன. ஒரே ஏழரை எச்.பி. மோட்டாரோடு குறைந்த ஸ்டேஜ் பம்பை இணைத்தால் சிறிய உயரத்துக்கு நிறையத் தண்ணீரும், அதிக ஸ்டேஜ் பம்பை இணைத்தால் பெரிய உயரத்துக்குக் குறைந்த தண்ணீரும் கிடைக்கும். ஆகவே முதலில் தெரிய வேண்டியது ஹெட், அதாவது மொத்த ஏற்று உயரம்.

இந்த உயரத்தைக் கணக்கிடுவதில்தான் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அதிகப் பணம் வீணாகிறது. ஆழ்துளைக் கிணற்றில் (போரில்) 500 அடியில் மோட்டாரை இறக்கினால் ஹெட்டும் 500 அடிதான் என்று பலர் நினைக்கிறார்கள். பம்பு நீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம் கணக்கில் வராது. நீர்மட்டத்திலிருந்து மேலே உள்ள உயரமே கணக்கு. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. காலையில் மோட்டார் ஓடாத நேரத்தில் நீர்மட்டத்தை அளந்து, அதையே எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். இந்தப் பகுதிகளில் பாறை வெடிப்புகளின் வழியாகத்தான் போருக்குள் நீர் ஊறி வருகிறது; ஊறும் வேகத்தைவிட எடுக்கும் வேகம் கூடும்போது மட்டம் சடசடவென்று இறங்கிவிடும். மோட்டார் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடி, மட்டம் நிலைப்பட்ட பிறகு அளப்பதே சரியான அளவு.

ஓர் உதாரணம். ஓடும்போது நீர்மட்டம் 90 மீட்டர், மேட்டு நிலத்தின் ஏற்றம் 6 மீட்டர், குழாய் உராய்வு இழப்பு 8 மீட்டர் என்று கொள்வோம். இதோடு சொட்டுநீர்க் குழாய்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் தேவையென்றால் அது 10 மீட்டர் உயரத்துக்குச் சமம். இதைச் சேர்க்க மறப்பவர்கள் மிகப் பலர். மொத்தம் 114 மீட்டர். விநாடிக்கு 2 லிட்டர் வேண்டுமானால், 2 × 9.81 × 114 என்ற கணக்கில் தண்ணீருக்குச் சேர வேண்டிய திறன் சுமார் 2,240 வாட். பம்பின் செயல்திறன் 50 சதவீதம் என்றால் மோட்டார் 4,480 வாட், அதாவது 6 எச்.பி. தர வேண்டும். அப்போதுதான், சற்றுக் கூடுதலாக வைத்து, ஏழரை எச்.பி. என்ற முடிவுக்குக் காரணம் கிடைக்கிறது.

"எதற்கும் இருக்கட்டும்" என்று தேவைக்கு மேல் ஹெட் உள்ள பம்பை வாங்குவது பாதுகாப்பு அல்ல. 200 மீட்டருக்கு வடிவமைத்த பம்பு 100 மீட்டரில் ஓடும்போது தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்கிறது. அதற்கேற்ப மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுத்து, அதன் கம்பிச்சுருள் (காயில்) சூடேறி எரிகிறது. ஹெட் போதாத பம்போ கோடையில் மட்டம் இறங்கியதும் தண்ணீரை மேலே தள்ள முடியாமல் உள்ளேயே கடைந்துகொண்டிருக்கும். அதுவும் சூடாகிக் கெடும்.

அளவிடும் முறையிலும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். "இரண்டு இஞ்ச் தண்ணீர்" என்ற பேச்சு குழாயின் விட்டத்தைச் சொல்கிறதே தவிர, நீரின் வேகத்தைச் சொல்வதில்லை. 200 லிட்டர் டிரம் 100 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 2 லிட்டர். இதைவிட எளிய சோதனை இல்லை.

குழாயில் மிச்சம் பிடிப்பது இன்னொரு தவறு. அதே அளவு தண்ணீரை, உள்விட்டம் இரண்டரை அங்குலத்துக்குப் பதில் இரண்டு அங்குலமாக உள்ள குழாயில் அனுப்பினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

திறந்த கிணறு வைத்திருப்போர் மோனோபிளாக்கை (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) கிணற்று மேட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. காற்றழுத்தமே அதை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 10.3 மீட்டர் நீருக்குச் சமம். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் சுமார் 9.3 மீட்டர்தான். உராய்வும் ஆவியழுத்தமும் போக, 6 மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது. மீறினால் இம்பெல்லருக்குள் நீராவிக் குமிழிகள் உருவாகி உடைந்து, ஜல்லி உருள்வதுபோன்ற சத்தத்தோடு உலோகத்தை அரிக்கும். அந்தச் சத்தத்தை பேரிங் கோளாறு என்று எண்ணி பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

விழும் நீரால் சுழன்று மின்சாரம் எடுக்க உதவும் டர்பைனில் கணக்கு தலைகீழாகிறது. பம்பில் உராய்வு இழப்பைக் கூட்டுகிறோம். டர்பைனில் அதைக் கழிக்க வேண்டும். ஒகேனக்கல் அருவியைப் பார்த்து "இவ்வளவு தண்ணீர் வீணாகிறதே" என்று சொல்பவர்கள், உயரமும் நீரளவும் ஆண்டு முழுவதும் சேர்ந்து இருந்தால்தான் மின்சாரம் என்பதை மறக்கிறார்கள். கோடையில் அங்கே பாறைதான் தெரியும். அந்த நீர் போய்ச் சேரும் மேட்டூரிலும், 120 அடி மட்டத்திலிருந்து அணை இறங்க இறங்க, அதே தண்ணீரிலிருந்து கிடைக்கும் மின்சாரம் குறைகிறது. டர்பைனின் வகையும் உயரத்தைப் பொறுத்ததே: 900 மீட்டருக்கும் மேல் வீழ்ச்சியுள்ள நீலகிரியின் பைக்காரா மின்நிலையத்துக்குப் பெல்டன் (நீர்த்தாரை கிண்ணங்களில் மோதிச் சுழலும் வகை) பொருந்தும்; சில மீட்டர் உயரத்தில் பெருவெள்ளம் பாயும் இடத்துக்குக் காப்லான் (விசிறி போன்ற இறக்கைகள் உள்ள வகை) வேண்டும்.

கடைசியாக, மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றி, அதைச் சிறு டர்பைன் வழியாக இறக்கி, அந்த மின்சாரத்திலேயே மோட்டாரை ஓட்டலாம் என்று ஆசைகாட்டும் காணொளிகளை நம்பி யாரும் பணம் போட வேண்டாம். 20 மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 5 லிட்டர் இறங்கினால் அதில் இருப்பது 981 வாட். டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்து 60 சதவீதம் தந்தால் கைக்கு வருவது 590 வாட். அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்ற, பம்பும் மோட்டாரும் சேர்ந்து 40 சதவீதம் என்றால் 2,450 வாட் செலவாகும். அந்தப் பணத்தில் டெலிவரி குழாயை ஒரு அளவு பெரிதாக்கினால், வயலுக்குப் போகும் தண்ணீர் அன்றைக்கே கூடும்.