வீட்டில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால், மற்றவர்கள் வைட்டமின் டி பார்ப்பது எப்படி?

மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) வந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் முதலில் கேட்பது மரபணுச் சோதனையைத்தான். அது வேண்டாம். எச்எல்ஏ-டிஆர்பி1*15:01 என்ற மரபணு வகை ஆபத்தை ஏறத்தாழ மூன்று மடங்கு கூட்டுகிறது என்றாலும், அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. முடிவு எதுவானாலும் நீங்கள் செய்யவேண்டியதும் மாறாது. அந்தப் பணத்தில் வைட்டமின் டி அளவைப் பாருங்கள்.

பிறவியிலேயே வைட்டமின் டி குறைவாக இருக்கச் செய்யும் மரபணு மாறுபாடுகள் சில உண்டு. சிஒய்பி2ஆர்1, டிஎச்சிஆர்7 மரபணுக்களின் அருகில் உள்ளவை அப்படிப்பட்டவை. அவை உள்ளவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து கூடுதல் என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. மரபணு பிறக்கும்போதே அமைந்துவிடுகிறது. ஆகவே நோய் வந்ததால்தான் வைட்டமின் குறைந்தது என்று இங்கே சொல்ல முடியாது; குறைவுதான் முந்தியது.

சோதனைச் சீட்டில் '25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி' என்று இருக்கவேண்டும். '1,25' என்று எழுதியிருந்தால் அது வேறு சோதனை. பற்றாக்குறை இருந்தாலும் அதில் சரியாகத் தெரியலாம். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லி இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சில கருவிகளில் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் பற்றாக்குறை. முடிவு லிட்டருக்கு நானோமோல் கணக்கில் வந்தால் 2.5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரம் கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மார்கழி உச்சியிலும் நிழல் நம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே தோலில் வைட்டமின் டி நன்றாக உருவாகும் நேரம், அதாவது 10 மணி முதல் 2 மணி வரை. காலை 7 மணி இளவெயிலில் காய்வது உடம்புக்கு இதமே தவிர இதற்கு உதவாது. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலும் அப்படித்தான். மண்டபம் பக்கம் முழுக்கைச் சட்டையும் முகத்துண்டுமாகக் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கும், இரவெல்லாம் கடலில் கிடந்து பகலில் உறங்கும் படகுக்காரர்களுக்கும் குறைவு இருக்கலாம். கையும் காலும் வெயில் படும்படி 20 நிமிடம், வாரம் மூன்று நான்கு நாள் நில்லுங்கள். கறுத்த தோலுக்கு இன்னும் சற்று நேரம் தேவைப்படும்.

நோயாளியை மட்டும் உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள். உடம்பு சூடேறினால் பார்வை மங்கும், கால் தளரும். தற்காலிகம்தான், ஆனால் விழுந்துவிடுவார்கள். அவர்களுக்கு மாத்திரையே சரி.

பற்றாக்குறைக்கு வழக்கமாக எழுதித்தருவது 60,000 யூனிட் மாத்திரை, வாரம் ஒன்றாக 8 வாரம். கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாகச் சேரும். பிறகு மாதம் ஒன்று. நாளுக்கு 2,000 யூனிட் கணக்காகும். பலரும் தவறுவது இங்கேதான்: பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாரமொன்று வாங்குகிறார்கள், சிலர் தினமும் போடுகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி தாகம், மலச்சிக்கல், வாந்தி வரும், சிறுநீரகமும் கெடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்த பிறகே தொடங்கவேண்டும். எல்லோரும் மூன்று மாதத்தில் மறுபடி அளவைப் பாருங்கள்.

சாளையும் காணாங்கெளுத்தியும் குழம்பில் அடிக்கடி இருக்கட்டும். இறாலில் இந்தச் சத்து மிகக் குறைவு. மீன் மட்டுமே பற்றாக்குறையை ஈடுகட்டாது.

வைட்டமின் நிறைந்திருந்தாலும் நோய் வராது என்ற உறுதி இல்லை. எப்ஸ்டீன்-பார் என்ற பரவலான வைரஸுக்கும் இந்த நோயில் பெரிய பங்குண்டு. நோயாளி இதை நம்பி நரம்பு மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தவே கூடாது. உடன்பிறந்தவருக்கு ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினாலோ, கை கால் மரத்து ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, வைட்டமின் சோதனைக்குக் காத்திராமல் மதுரைக்குப் போய் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.